வெடித்தது எந்தக் குக்கர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை, மார்கழி வந்துவிட்டால் மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. வெந்நீர் போட வாளியில் ஹீட்டர் ராடு வைத்தவர் மின்சாரம் தாக்கி இறந்தார் என்று. இறந்தவரின் பெயர், வயது, தெரு, கணவர் என்ன வேலை பார்க்கிறார், எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அதில் இருக்கும். போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகிறார்கள் என்று முடியும். அந்த ராடு எந்தக் கம்பெனி, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்ததா, எங்கே வாங்கியது, இப்போது யார் கையில் இருக்கிறது? இந்த நான்கில் ஒன்றுகூட இருக்காது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். வீட்டு உபயோகப் பொருட்களைக் கடைகளில் வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, ஆபத்தானவற்றைக் கண்டுபிடிக்கும் குழு ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தேன். எங்கள் குழுவின் காலை வேலையே பேப்பர் படிப்பதுதான். விபத்துச் செய்திகளை வெட்டி ஒரு கோப்பில் ஒட்டி வைப்போம். எந்தப் பொருள் ஆளைக் காயப்படுத்துகிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு அதைவிட வேகமான வழி இருக்கவில்லை. சோதனை செய்வது கடினமே அல்ல. இந்தியத் தர விதிகளில் குக்கருக்கு ஐ.எஸ். 2347, கேஸ் அடுப்புக்கு ஐ.எஸ். 4246 என்று எதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பது எழுதியே இருக்கிறது. சந்தையில் கிடக்கும் ஆயிரக்கணக்கான பொருட்களில் முதலில் எதை எடுப்பது என்பதில்தான் எல்லாச் சிரமமும். அதைச் சொல்ல வேண்டிய செய்தி, அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் வாங்கிய ஒரு ராடை நாங்கள் பிரித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். பிளக்கில் மூன்று பின் இருந்தன. பெரிய பின் எர்த்துக்கானது. ஆனால் வயரை வெட்டினால் உள்ளே இரண்டே கம்பிகள். அந்தப் பெரிய பின்னில் எதுவுமே இணைக்கப்படவில்லை. பிளக்கைக் கழற்றினால் ஒழிய வாங்குபவருக்கு இது தெரியாது. ராடின் குழாய்க்குள் சூடாகும் கம்பிச்சுருள் இருக்கும், அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. மின்சாரம் குழாய்க்கு வராமல் தடுப்பது அந்தப் பொடிதான். காய்ந்திருக்கும்வரை நல்ல காப்பு. ஈரம் ஏறிவிட்டால் காப்பு போய்விடும். அதனால் குழாயின் இரண்டு முனைகளையும் நன்றாக அடைக்க வேண்டும். இதில் ஏதோ ஒரு பசையைத் தடவி விட்டிருந்தார்கள், நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. சில தடவை தண்ணீரில் சூடாக்கி, ஆறவிட்டு, மெக்கர் என்ற காப்பு அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தோம். காப்பு அடியோடு விழுந்திருந்தது.

எர்த் சரியாக இருந்தால் கசியும் மின்சாரம் அந்தக் கம்பி வழியே போய்விடும், ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவு ட்ரிப்பர் உள்ள வீட்டில் உடனே ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றுவிடும். எர்த்தும் இல்லை, ட்ரிப்பரும் இல்லை என்றால், தண்ணீரில் விரல் வைத்துச் சூடு பார்க்கிறவரின் உடல் வழியேதான் அது தரைக்கு இறங்க வேண்டும். குளியலறை ஈரத்தரை, வெறும் கால். இதில் மிகவும் மோசமான விஷயம் என்னவென்றால், இப்படிப்பட்ட ராடு ஒரு குளிர்காலம் முழுவதும் நன்றாகவே வேலை செய்யும். வாங்கியவருக்குச் சந்தேகமே வராது.

சட்டம் இல்லாமலில்லை. ஹீட்டர் ராடுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2003-ஆம் ஆண்டு ஆணையிலேயே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் முத்திரையில்லாத ஹெல்மெட், குக்கர், ஹீட்டர் ராடு, கேஸ் அடுப்பு முதலியவற்றை வாங்க வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டது. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரமும் அதற்கு உண்டு. 2022-இல் ஒரு பெரிய இணைய விற்பனைத் தளம் தரமில்லாத 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இணையத்தில் விற்றதால் வாங்கியவர்களின் முகவரி இருந்தது. தெருக்கடையில் வாங்கியவரை எங்கே போய்த் தேடுவது?

குக்கர் செய்திகளும் அப்படித்தான். "சமைத்துக்கொண்டிருந்தபோது குக்கர் வெடித்தது" என்று ஒரே வரி. மூடி பறந்ததா, பாத்திரம் பிளந்ததா? வெயிட் போடும் குழாயில் பருப்பு அடைத்திருந்ததா? சேஃப்டி வால்வு உருகியிருந்ததா, அல்லது பழுது பார்த்தவர் அந்த இடத்தில் உருகாத வேறு எதையாவது திருகி வைத்திருந்தாரா? ஒவ்வொரு பதிலும் ஒவ்வொருவரைக் காட்டும்: சமைத்தவர், பழுது பார்த்தவர், உதிரிபாகம் விற்றவர், தயாரித்தவர். கேட்காமல் விட்டால் பழி பெரும்பாலும் சமைத்த பெண் மேல்தான் விழுகிறது. "கவனமில்லாமல் இருந்துவிட்டாள்" என்று சொந்தக்காரர்களே பேசுவார்கள். தீக்காயத்தோடு படுத்திருப்பவர் அதையும் கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1972-இல் சட்டம் போட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். அதன் அடித்தளமே மருத்துவமனைகள்தான். நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த சுமார் நூறு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுப் பதிவுகளை ஆள் வைத்துப் படிக்கிறார்கள். எந்தப் பொருளால் காயம் என்பதற்கு ஒரு குறியீட்டு எண் போட்டு அனுப்புகிறார்கள். அதை வைத்து நாட்டின் மொத்தக் கணக்கை மதிப்பிடுகிறார்கள். அங்கே 2022-இல் பட்டன் பேட்டரிக்கென்றே ஒரு சட்டம் வந்தது. ரிமோட்டில், பொம்மையில் இருக்கும் அந்தச் சின்ன வட்டப் பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரிக்கத் தொடங்கிவிடும். ஒன்றரை வயதுக் குழந்தையை அப்படிப் பறிகொடுத்த ஒரு தாய் போராடினார். இது ஒரு வீட்டோடு முடிந்த துயரம் இல்லை என்று காட்ட மருத்துவமனைக் கணக்கு கையில் இருந்தது.

நம்மிடம் விபத்துப் பதிவேடு இல்லையா? அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். புத்தகம் இருக்கிறது. எங்கே, எப்போது, எப்படி நடந்தது என்று மருத்துவர் எழுதுகிறார். அதில் "பொருள்" என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். மாதம் ஒருமுறை அந்தக் கட்டத்தை மட்டும் தொகுத்து, பெயர், விலாசம் இல்லாமல், தர நிர்ணய அதிகாரிகளுக்கு அனுப்பலாம். தீக்காய வார்டில் பல வருடம் வேலை பார்த்த ஒரு செவிலியரிடம் பேசிப் பாருங்கள். எந்த வகை அடுப்பு, எந்த வகை ஸ்டவ் என்று எங்கள் ஆய்வகத்துக்கே தெரியாததையெல்லாம் சொல்வார். சுகாதாரத் துறை மனது வைத்தால் இது பெரிய செலவில்லாத வேலை.

அது நடக்கும்போது நடக்கட்டும். உங்களால் இப்போதே முடிவதைக் கேட்கிறேன். தாலுகா நிருபர்களிடம் மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் கேட்கச் சொல்லுங்கள். கம்பெனி பெயரைப் போட்டால் வழக்கு வருமோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது, அது நியாயமும்கூட. பெயரைப் போட வேண்டாம். "ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாதது" அல்லது "முத்திரை இருந்தது" என்று எழுதலாமே. இரண்டுமே எங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படும். முத்திரை இருந்தும் ஆள் இறந்தால் அது இன்னும் அவசரமான செய்தி. முத்திரை போலியா, அல்லது உரிமம் பெற்றவரே தரம் தவறினாரா என்று பார்க்க வேண்டும். முத்திரையின் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் உண்மையான உரிமமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வாசகர்களுக்கும் ஒன்று. வீட்டில் இப்படி ஏதாவது நடந்தால், மெயினை அணைத்துவிட்டு, அந்தப் பொருளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். துக்கத்திலும் பயத்திலும் முதல் வேலையாக அதைத் தூக்கி எறிகிறோம், அல்லது பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறோம். நாங்கள் தேடிப் போன பல வீடுகளில் பொருள் இருக்காது. முத்திரை இருக்கும் இடத்தை, பிளக்கை, உடைந்த பாகத்தைப் படம் எடுங்கள். விசாரிக்க வரும் காவலரிடம் ஒப்படைத்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் நிருபர்களுக்கு விருப்பம் இருந்தால், எதை எங்கே பார்க்க வேண்டும் என்று நானே வந்து காட்டித் தருகிறேன். பிரித்த ராடு ஒன்றும் சில குக்கர் மூடிகளும் கையோடு கொண்டு வருகிறேன். இந்த ஐப்பசிக்குள் நாள் குறித்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மத்திய அரசு அலுவலர்,
குரோம்பேட்டை, சென்னை.