இடி எங்களுக்கு, மழை சீவலப்பேரிக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம்.

நேற்று சாயங்காலம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. மாடியில் காயப் போட்ட வடகத்தை அள்ள ஓடினேன். அள்ளி முடிப்பதற்குள் சில்லென்று ஒரு காற்று. வராந்தாவில் மாட்டியிருக்கும் வெப்பமானி 37லிருந்து சட்டென 28க்கு இறங்கிவிட்டது. மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகிவிடும். அதில் காற்று குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கி நாலாபக்கமும் பாயும். மழைக்கு முன்னால் ஓடி வரும் காற்று அதுதான்.

ஆனால் மழை? காய்ந்த தளத்தில் பெரிய பெரிய துளிகளாகப் பத்து விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிட்டன. சீவலப்பேரிப் பக்கம் கொட்டித் தீர்த்ததாகக் காலையில் பால்காரர் சொன்னார்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தைச் சுற்றி 1971 முதல் 1975 வரை மழையை அளந்து பார்த்தார்கள். கோடையில் நகரத்தின் மேலே வந்த காற்று கடந்து போகும் திசையில்தான் மழையும் இடியும் கூடுதலாக இருந்தன. சிமென்ட்டும் தாரும் பகலெல்லாம் வெயிலைக் குடிக்கின்றன. ஊரின் மேல் காற்று சூடாகி எழும்புகிறது, மேகம் வளர்கிறது. வளர்ந்த மேகம் நிற்குமா? நகர்ந்துபோய் அடுத்த ஊரில் பெய்கிறது. நம்முடையது அத்தனை பெரிய நகரமில்லை, நேற்றைய மழை தப்பியதற்கு ஊர்தான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு நாளை வைத்து அப்படிச் சொல்லவும் கூடாது.

எனக்கு வேதனை வேறு. வந்த குளிர்ச்சி இங்கே தங்குவதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குச் சுவரில் கை வைத்தேன், தோசைக்கல்லை இறக்கி வைத்த மாதிரி வெதுவெதுப்பு. வேய்ந்தான்குளத்தை ஒட்டி பஸ் ஸ்டாண்டு வந்தது, அப்புறம் சுற்றிலும் வீடுகள். நாம் சைக்கிளில் போகையில் முகத்தில் அடித்த அந்த ஈரக்காற்று நினைவிருக்கிறதா? மண் நனைந்தால் மறுநாள்வரை ஆவியாகி ஊரைக் குளிர்விக்கும். தார் ரோட்டில் விழுந்தது நேரே சாக்கடைக்குப் போகிறது.

உன் கல்லிடைக்குறிச்சியில் இன்னும் வீட்டுக்குப் பின்னால் வயல்தானே? நீயும் ஒரு வெப்பமானி வாங்கி நிழலில் மாட்டு. அடுத்த இடிமழைக்கு மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்து எழுது. நானும் குறித்து வைக்கிறேன்.

உன்,
முருகன்