அறுபதாயிரம் ஆம்பியர்

விக்கிரமசிங்கபுரம்
ஞாயிறு மதியம்

அன்புள்ள சுப்பையா,

என்னவே, கோபமா? ஆவணியில் நீர் போட்ட கடிதம் இன்னும் டிவி மேல்தான் கிடக்கிறது. காரணம் சொன்னால் நீர் நம்பப்போவதில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். மதினிக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது. போன வாரம், சைரன் என்று நாம் பட்டப்பெயர் வைத்தோமே, அவன் என்னை மருந்துக்கடை வாசலில் பிடித்துக்கொண்டான். அதே பாட்டுதான், பென்ஷன் அரியர்ஸ். தப்பித்து வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது போனில் சொல்கிற விஷயம் இல்லை.

புரட்டாசிக் கடைசியில் ஒடிசாவுக்கு, பெரியவன் வீட்டுக்குப் போயிருந்தோம். பதினைந்து நாள். 'உம்ம மகன் காயலான் கடையிலே வேலை பாக்கான்' என்று நீர் அடிக்கிற கேலி இருக்கிறதே, அந்தக் காயலான் கடையை நேரில் பார்த்துவிட்டு வந்தேன். பழைய இரும்பை உருக்குவதுதான் வேலை, நீர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் முப்பத்துநாலு வருஷம் சப்ஸ்டேஷனில் குப்பை கொட்டிய எனக்கு, கரண்டைக் கண்ணால் பார்க்க அங்கேதான் கொடுத்துவைத்திருந்தது.

ஹெல்மெட், கோட்டு எல்லாம் மாட்டி, கண்ட்ரோல் ரூம் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினான். கரண்டால் உருக்குகிற உலை, நூறு டன் பிடிக்கும். அதன் மூடி அப்படியே தூக்கி ஒதுங்கியது. மேலே கிரேனில் வந்த பெரிய வாளி அடியில் திறந்து, கம்பி, தகரம், நசுங்கிய டிரம், கார்க் கதவு எல்லாம் கொட்டியது. மூடி திரும்ப வந்து உட்கார்ந்ததும், மூன்று பேஸுக்கு மூன்றாக கிராஃபைட் எலக்ட்ரோடு மெதுவாக இறங்கியது. ஒவ்வொன்றும் இரண்டடி விட்டம். ஒரு துண்டு மட்டுமே ஒரு டன்னுக்கு மேல் கனமாம். தேயத் தேய மேலே அடுத்த துண்டைத் திருகிச் சேர்க்கிறார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் 100 எம்விஏ. உள்ளே போவது 33 கேவி, அதாவது 33,000 வோல்ட்; வெளியே வருவது மிஞ்சினால் ஆயிரம் வோல்ட். நீரே கணக்குப் போட்டுப் பாரும், பேஸுக்கு 57,000 ஆம்பியருக்கு மேல் வரும். பெரியவன் 'அறுபதாயிரம்னு வச்சுக்கோங்கப்பா' என்று கடைக்காரன் மாதிரி சொல்கிறான். உள்ளே தண்ணீர் ஓடுகிற தொடை மொத்தக் கேபிள்கள், எலக்ட்ரோடிலிருந்து இரும்புக்குக் கரண்ட் தாவி எரிகிற ஆர்க் பிடித்ததும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாம்பு மாதிரி நெளிகின்றன. பக்கத்துக் கண்டக்டரைக் கரண்ட் தள்ளும் என்று பாலிடெக்னிக்கில் அம்புக்குறி போட்டுப் படித்தோமே, அது இதுதான்.

நம் பாபநாசம் பவர்ஹவுஸ் 1944-ல் ஓட ஆரம்பித்தது. நாலு மெஷினும் முழு மூச்சில் ஓடினால் 32 மெகாவாட். இந்த ஒற்றைச் சட்டி 80 மெகாவாட் குடிக்கிறது! மலையிலிருந்து இறங்குகிற அத்தனை தண்ணீரும் இதற்குப் பாதிகூடக் காணாது. ஒரு ஹீட்டுக்கு, அதாவது ஒரு தடவை உருக்கி எடுக்க, 40,000 யூனிட், அதுவும் முக்கால் மணி நேரத்துக்குள். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், அதற்கே இவள் நான் தூங்கியதும் ஃபேனை அணைக்கிறாள். அந்த நாற்பதாயிரத்தை எனக்குக் கொடுத்தால் 22 வருஷம் ஓட்டிவிடுவேன். அவ்வளவு நாள் நான் இருக்கவேண்டும், அது வேறு.

வைவாவில் டியூப்லைட்டுக்குச் சோக் எதற்கு என்று கேட்டதற்கு 'அழகுக்கு சார்' என்று சொன்னவர் அல்லவா நீர்? இங்கேயும் அதே சோக் கதைதான். கரண்ட் ஒவ்வொரு தடவை பூஜ்யத்தைத் தொடும்போதும் ஆர்க் அணையப் பார்க்கும். சோக் மாதிரிச் சுருள் தருகிற ரியாக்டன்ஸ் இருந்தால் கரண்ட் வோல்டேஜுக்குப் பின்தங்கும், அது பூஜ்யத்துக்கு வருகிற நேரத்தில் வோல்டேஜ் மறுபக்கம் ஏறித் தயாராக நிற்கும், ஆர்க் உடனே பற்றிக்கொள்ளும். இதற்காகப் பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கிற கரண்டில் உண்மையில் வேலைக்கு ஆகிற பங்கை, வேண்டுமென்றே 0.8 பக்கத்தில் வைத்து ஓட்டுகிறார்கள். பவர் ஃபேக்டர் குறைகிறது என்று எத்தனை மில்லுக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்போம்! அப்புறம் லைனைத் துண்டிக்கிற பிரேக்கர். நம் யார்டில் ஒரு பிரேக்கர் வருஷத்துக்கு நாலு தடவை விழுந்தாலே லாக் புக்கில் பாரதம் எழுதுவோம். இங்கே ஒரே நாளில் ஐம்பது அறுபது தடவை போட்டு எடுக்கிறார்கள், எவனும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

உள்ளே இரும்பு சரிந்து எலக்ட்ரோடு மேல் விழுந்தால் ஷார்ட். கரண்ட் எகிறும், வோல்டேஜ் தொய்யும், அந்த லைனில் இருக்கிற ஊரெல்லாம் பல்பு துடிக்கும். விநாடிக்கு எட்டு ஒன்பது தடவை துடித்தால்தான் மனுஷக் கண்ணுக்கு எரிச்சல் அதிகமாம். அதை அடக்குவதற்கென்றே தனியாக ஒரு யார்டு நிறையக் கெபாசிட்டரும் ரியாக்டரும், அதை நொடிக்கு நொடி ஏற்றி இறக்கத் தைரிஸ்டர் என்கிற எலக்ட்ரானிக் ஸ்விட்சும் வைத்திருக்கிறார்கள். லைட் துடிக்கிறது என்று யாராவது வந்தால் 'உம்ம வீட்டு வயரிங்கைப் பாரும்' என்று விரட்டியிருக்கிறேன். எத்தனை பேரை அநியாயமாக விரட்டினேனோ.

இவ்வளவு நேரமும் நான் சொல்லாமல் சுற்றி வருவது அந்தச் சத்தத்தைத்தான்.

எலக்ட்ரோடு இரும்பைத் துளைத்து இறங்குகிற முதல் பத்து நிமிஷம் கண்ணாடிக்குப் பின்னால் நின்றும் என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. அடியில் நமக்குப் பழகிய டிரான்ஸ்ஃபார்மர் ஹம், அதே 100 ஹெர்ட்ஸ். அதன்மேல் சீலையைக் கிழிக்கிற மாதிரி ஒரு இரைச்சல், கிழித்து முடியவே இல்லை. எல்லாம் உருகியதும் கரித்தூளும் ஆக்சிஜனும் ஊதுகிறார்கள், கசடு பொங்கல் பானை மாதிரி நுரைத்து ஏறி ஆர்க்கை மூடுகிறது, சத்தம் சட்டென்று அமுங்கிவிடுகிறது. நுரை பதமா என்பதைக் காதால் கேட்டே சொல்லிவிடுவார்களாம். பெரியவனுக்கு அதில் ஒரு பெருமை.

காதுமூடி நல்லதாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வாக்கிடாக்கியில் பேச இவன் ஒரு பக்கத்தைத் தூக்கிவிடுகிறான். நான் நின்ற ஒரு மணி நேரத்தில் நாலு தடவை எண்ணினேன். பன்னிரண்டு வருஷமாக அங்கே இருக்கிறான் வே.

அன்று சாயங்காலம் வீட்டில் தரையில் உட்கார்ந்து மொபைல் பார்த்துக்கொண்டிருந்தான். பேத்தி இப்போதுதான் நடக்கிறாள், காலில் கொலுசு. அவன் முதுகுக்குப் பின்னால் சலங் சலங்கென்று வந்து நின்றாள். அவன் திரும்பவில்லை. ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். அப்பவும் திரும்பவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் 'அட, எப்ப வந்தே' என்று தூக்கினான். அதற்கப்புறம் கவனித்தேன், மருமகள் அடுப்படியிலிருந்து பேசினால் இரண்டாவது தடவைதான் பதில் வருகிறது, டிவி சத்தம் தெருவுக்குக் கேட்கிறது. இவள் 'அவன் சின்னதிலேயே அப்படித்தான்' என்கிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போகும், போனால் திரும்பாது என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முப்பத்தாறு வயசு அவனுக்கு.

பங்குனி உத்திரத்துக்கு வருகிறான். சொரிமுத்தையனார் கோயிலில் பேத்திக்கு மொட்டை, காதுகுத்து. மதுரையில் இறங்கித்தான் வருவார்கள். அங்கே காது பார்க்கிற உம்ம மகளிடம் சொல்லி ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரச் சொல்லும், காதை முறையாக டெஸ்ட் பண்ணிவிடுவோம். அவனுக்கென்று கூப்பிட்டால் வரமாட்டான், 'எனக்கென்ன' என்பான். எனக்குப் பார்க்கவேண்டும், துணைக்கு வா என்று சொல்லி நான் முந்தின நாளே அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறேன். அது முழுப் பொய்யும் இல்லை.

மறக்காமல் கடிதமாகவே போடும். இப்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டால்தான் நீர் பேசுவது எனக்குக் கேட்கிறது, இவள் பக்கத்திலேயே இருப்பாள்.

அன்புடன்,
ஆறுமுகம்