போர்ப் பலகை ஆட்டத்தில் படைகளைச் சமமாக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பலகை ஆட்டங்கள் பற்றி வந்த கட்டுரையின் கடைசிப் பத்தியில், போர்க்களத்தை ஆட்டமாக அமைக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு யோசனை இருந்தது: இரு தரப்புக்கும் ஒரே அளவு படையும் ஒரே வகை ஆயுதமும் கொடுத்துவிட்டால் ஆட்டம் நியாயமாகிவிடும் என்று. சதுரங்கத்துக்கு இது சரி. பட்டாலியன் (சில நூறு வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) அளவிலான போர் ஆட்டத்துக்குச் சரிவராது. அப்படி அமைத்த ஆட்டத்தில் மூன்றாம் சுற்றுக்குள் இரண்டு வரிசைகள் எதிரெதிரே உட்கார்ந்துவிடும், அதன்பின் நடப்பது பகடை உருட்டல் மட்டும்தான். சமன் செய்ய வேண்டிய இடம் வெற்றி நிபந்தனை. அதிலும் குறிப்பாக, எத்தனை சுற்றுக்குள் என்ற கணக்கு.

கையில் எடுத்துப் பார்க்க ஒரு நல்ல உதாரணம், பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய பாக்லாந்து தீவுகளில் 1982 மே 28 அன்று நடந்த கூஸ் கிரீன் சண்டை. நம் வாசகர்களுக்கு 1971 டிசம்பர் இந்திய-பாகிஸ்தான் போரில் 16 மெட்ராஸ் பட்டாலியன் பங்கெடுத்த பசந்தர் ஆற்றுச் சண்டைதான் நெருக்கமானது. ஆனால் அங்கே கண்ணிவெடி வயல், டாங்கிகள், பக்கத்துப் பட்டாலியன்கள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். முதல் முயற்சிக்கு அது பெரிய பாரம். கூஸ் கிரீனில் இரு பக்கமும் கடல், நடுவே சுமார் 2 கி.மீ. அகலத்தில் ஒரு நிலக்கழுத்து. வடக்கிலிருந்து இறங்கியது 2 பாரா என்ற ஒரே பிரிட்டிஷ் பட்டாலியன். பதுங்குகுழிகளில் காத்திருந்தது அர்ஜென்டினாவின் 12ஆம் ரெஜிமென்ட்டும் துணைப் பிரிவுகளும். மறுநாள் சரணடைந்தவர்கள் விமானப்படையினரையும் சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் பேர். தாக்கியவர்கள் அதைவிடக் குறைவு. தாக்குபவருக்கு மூன்று மடங்கு பலம் வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும், இங்கே அது தலைகீழ். இதைச் சமப்படுத்தப் போனால் சண்டையே காணாமல் போகும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது அளவுகோல். கட்டத்தின் அளவு, சுற்றின் நேரம், காயின் வேகம் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பலரும் இதைப் பார்க்காமல் ‘காலாட்படைக்கு 4 கட்டம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஓர் அறுகோணக் கட்டத்துக்கு 200 மீட்டர், ஒரு சுற்றுக்கு 30 நிமிடம் என்று வையுங்கள். பகலில் எதிர்ப்பில்லாமல் மணிக்கு 3 கி.மீ. நடக்கும் பிளட்டூன் (சுமார் 30 பேர் கொண்ட குழு) ஒரு சுற்றில் ஒன்றரை கி.மீ. போகும், அதாவது 7 கட்டம். இரவில், சதசதப்பான புல்தரையில், தாக்குதல் ஒழுங்கில் போனால் 3 கட்டம். குண்டடிக்கு நடுவே 1 கட்டம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தாக்குதல் தொடங்கியது அதிகாலை இரண்டரை மணியளவில். இருட்டு நீடிப்பது சுமார் 8 சுற்று. 8ஐ 3ஆல் பெருக்கினால் 24 கட்டம். கூஸ் கிரீன் ஊரோ சுமார் 30 கட்டம் தள்ளி இருக்கிறது. வழியில் ஒரு குண்டும் வெடிக்காவிட்டாலும் விடிவதற்குள் ஊர் வாசலைத் தொட முடியாது. உண்மையான திட்டமும் வெளி அரண்களை இருட்டில் முடித்துவிட்டு, ஊரை வெளிச்சத்தில் நெருங்குவதுதான். நடந்தது வேறு. ஊருக்கு வடக்கே டார்வின் குன்றின் அடியில், கோர்ஸ் என்ற முள்புதர் மண்டிய பள்ளத்தில் ஏ கம்பெனி (கம்பெனி என்பது சில பிளட்டூன்கள் சேர்ந்த பட்டாலியனின் உட்பிரிவு) நிற்கும்போதே பொழுது விடிந்துவிட்டது. மேற்கே போக்கா ஹவுஸ் இடிபாட்டுக்கு எதிரே பி கம்பெனி வெட்டவெளிச் சரிவில் மாட்டிக்கொண்டது. அளவுகோல் சரியாக இருந்தால் இந்த நெருக்கடி தானாக வந்து மேஜையில் உட்காரும். அதற்கென்று தனி விதி எழுத வேண்டியதில்லை.

வரைபடத்துக்கு ஏ2 தாள் ஒன்று போதும். எதிர்ப்பக்கங்களுக்கு இடையே 16 மி.மீ. உள்ள அறுகோணம் வரைந்தால் நீளவாக்கில் 36 கட்டம் பிடிக்கும், தரையில் அது 7.2 கி.மீ. அச்சுக்கடையில் ‘தாளுக்கு ஏற்பச் சுருக்கு’ என்ற அமைப்பில் அடித்துவிடுவார்கள். 100 சதவீதத்தில் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். வாங்கியதும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள்: 10 கட்டம் 160 மி.மீ. இருக்க வேண்டும். 154 இருந்தால், 12 மி.மீ. காய்களை இரண்டடுக்காக வைக்கும்போது பக்கத்துக் கட்டத்தில் ஏறி உட்காரும், எந்தப் பிளட்டூன் எங்கே என்று ஐந்தாம் சுற்றில் சண்டை வரும். காய்களுக்கு 2 மி.மீ. அட்டை எடுத்து, அச்சடித்த தாளைப் பசை மெல்லப் பூசி ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை ஓர் இரவு ஏற்றிவையுங்கள். ஈரம் காய்வதற்குள் வெட்டினால் விளிம்பு நாராகக் கிழியும், காயும் வளையும்.

தாக்கும் தரப்புக்கு 23 காய்: ஏ, பி, டி கம்பெனிகளின் 9 பிளட்டூன், சி கம்பெனியின் 2, இயந்திரத் துப்பாக்கி 3, மிலன் ஏவுகணை 2, மோர்ட்டார் என்ற சிறு குண்டெறி பீரங்கி 1, கம்பெனித் தலைமை 5, பட்டாலியன் தலைமை 1. காக்கும் தரப்புக்கு 14 பிளட்டூன், பீரங்கி 1, விமான எதிர்ப்புப் பீரங்கி 2, தலைமை 1, அவற்றோடு எதிரியை ஏமாற்ற 6 வெற்றுக் காய். இது என் கணக்கு, ஒன்றிரண்டு கூட்டிக் குறைக்கலாம். வெற்றுக் காய்களை மட்டும் குறைக்காதீர்கள். எல்லாக் காயும் கவிழ்ந்தே இருக்க வேண்டும். சுட்டால், அல்லது எதிரி இரவில் 1 கட்டம், பகலில் 3 கட்டம் தூரத்துக்குள் வந்தால்தான் நிமிரும். இதைவிட நல்லது தரப்புக்கு ஒன்றாக இரண்டு வரைபடமும் ஒரு நடுவரும். 1824ல் பிரஷ்ய ராணுவத்துக்காக இளைய ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி அமைத்த ஆட்டத்தில் 1:8000 வரைபடமும், 2 நிமிடச் சுற்றும், நடுவரும் இருந்தன. எதிரி எங்கே என்று தெரியாமல் முடிவெடுக்கப் பழக்கத்தான் நடுவர். இரு தரப்பும் ஒரே பலகையில் எல்லாவற்றையும் பார்த்து ஆடினால் டார்வின் குன்றில் யாரும் சிக்கமாட்டார்கள்.

அடுத்தது கட்டளை. பட்டாலியன் ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, மாணவர்கள் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான். ஆடுபவர் பட்டாலியன் தளபதி, பிளட்டூன் தலைவர் அல்ல. அவர் எழுதுவது துண்டுச் சீட்டு: ‘டி கம்பெனி. சுற்று 9. மேற்குக் கடற்கரை ஓரமாக இறங்கி போக்கா ஹவுஸின் பக்கவாட்டுக்கு வரவும். பி கம்பெனி சுடுவதை நிறுத்தியபின் ஏறவும்.’ நடுவர் சீட்டை வாங்கிக் கடிகாரம் பார்ப்பார். ஏற்கெனவே உள்ள திட்டத்துக்குள் அடங்கும் கட்டளை அடுத்த சுற்றில் போய்ச் சேரும். திட்டத்தை மாற்றும் கட்டளைக்கு 2 சுற்று. அதாவது ஒன்பதில் எழுதியது பதினொன்றில்தான் நகரும். அதுவரை அந்தக் கம்பெனி பழைய கட்டளைப்படியே நடக்கும், ஆடுபவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டும்.

பட்டாலியன் தலைமைக் காயை முன்வரிசைக்குக் கொண்டுபோகலாம். அங்கே நிற்கும் கம்பெனிக்குப் பகடையில் 1 கூடும். ஆனால் மற்றக் கம்பெனிகளுக்கான சீட்டு ஒவ்வொன்றும் ஒரு சுற்று தாமதமாகும். இரண்டு பகடையில் 12 விழுந்தால் தளபதி வீழ்ந்தார் என்று பொருள். இரண்டாம் நிலை அதிகாரி பொறுப்பேற்க 2 சுற்று, அதுவரை புதிய கட்டளை கிடையாது. டார்வின் குன்றில் லெப்டினன்ட் கர்னல் எச். ஜோன்ஸ் முன்னே போய் உயிரிழந்ததும், மேஜர் கிறிஸ் கீபிள் பொறுப்பேற்றதும் வரலாறு. ஒவ்வோர் ஆட்டத்திலும் அது நடக்க வேண்டும் என்று விதி எழுதுவது தவறு. முன்னே போகும் ஆசையும் அதற்கான விலையும் விதியில் இருந்தால் போதும்.

சுடும் அட்டவணையில் கொலையைவிட முடக்கம், அதாவது குண்டுக்கு அஞ்சித் தலைதூக்க முடியாமல் கிடப்பது, அதிகம் இருக்க வேண்டும். பதுங்குகுழியில் உள்ள பிளட்டூனை இன்னொரு பிளட்டூன் சுட்டால், இரண்டு பகடையில் 9 அல்லது மேல் முடக்கம், 11 அல்லது மேல் இழப்பு. 36 வாய்ப்பில் முடக்கமோ அதற்கு மேலோ 10, இழப்பு 3. இதில் கூடுதல் புள்ளிகளைத் தாராளமாக வாரிக் கொடுப்பதுதான் வழக்கமான பிழை. இயந்திரத் துப்பாக்கிக்கு 1, பக்கவாட்டுக்கு 1, தளபதிக்கு 1, உயரத்துக்கு 1 என்று 4 சேர்ந்தால் 5 விழுந்தாலே முடக்கம், அதாவது 36ல் 30. பதுங்குகுழி வெறும் படமாகிவிடும். எத்தனை காரணம் இருந்தாலும் கூட்டல் 2க்கு மேல் போகக் கூடாது. அப்போது 36ல் 21, பாதிக்குச் சற்று மேல். மிலனுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். டாங்கிக்காகச் செய்த அந்த ஏவுகணையைப் போக்கா ஹவுஸ் அரண்கள்மேல் திருப்பியதும்தான் அந்தப் பக்கம் எதிர்ப்பு உடைந்தது. ஆட்டத்தில் அது பகலில் மட்டும், 8 கட்டம் வரை, பதுங்குகுழியின் பாதுகாப்பைக் கணக்கில் எடுக்காமல் சுடும். மொத்தம் 6 ஏவுகணை.

காக்கும் தரப்பின் 35 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் விமான ஓடுதளத்துப் பக்கமிருந்து தரைப்படையைக் கிடைமட்டமாகச் சுட்டன. இரவில் அவற்றுக்கு வேலையில்லை. விடிந்தபின் 10 கட்டம் வரை வெட்டவெளி அவற்றுடையது.

பீரங்கித் துணையை எண்ணிக் கொடுங்கள். 2 பாரா தன் எட்டு மோர்ட்டார்களில் இரண்டை மட்டுமே சுமந்து வந்தது, குண்டும் தீர்ந்துபோனது. ஆகவே மோர்ட்டாருக்கு 8 முறை, அதற்குமேல் இல்லை. மூன்று 105 மி.மீ. பீரங்கிகளுக்கு 14 முறை. ஆரோ என்ற போர்க்கப்பலின் 4.5 அங்குலப் பீரங்கி இரவில் துணைக்கு இருந்தது, இடையில் கோளாறும் ஆனது. ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் பகடை உருட்டி, 2 அல்லது 3 விழுந்தால் 4 சுற்றுக்கு வாய்மூடட்டும். விடிந்தால் விமான பயத்தில் கப்பல் விலகிவிடும். ஊர்க் கட்டங்களின் மீது மட்டும் யாரும் குண்டு போடக் கூடாது. கூஸ் கிரீன் ஊர்க்கூடத்தில் குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்மக்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள். ஒரு குண்டு அங்கே விழுந்தால் தாக்கும் தரப்பு தோற்றது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். போர் ஆட்டம் பிள்ளைகளுக்குப் போர் வெறி ஏற்றும் என்று அஞ்சுகிறவர்களிடம் நான் காட்டுவது இந்த விதியைத்தான். அந்தக் கட்டத்தைத் தொடாமல் சுற்றி வர வழி தேடும் பிள்ளைகள், அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் இருப்பதில்லை.

இனி வெற்றி நிபந்தனை. கொன்ற காய்க்குப் புள்ளி வைக்காதீர்கள், ஆட்டம் வேட்டையாகிவிடும். ஊரை மூன்று பக்கமும் சூழ்ந்து, ஒவ்வொரு பக்கமும் முடக்கப்படாத ஒரு பிளட்டூனாவது நின்றால் தாக்குபவர் வென்றார். முழு ஆட்டம் 28 சுற்று, மாலை நாலரை வரை. எத்தனையாவது சுற்றுக்குள் என்பதை ஏலம் விடுங்கள். ஒருவர் 28 என்பார், மற்றவர் 27, அவர் 26. குறைந்த எண்ணைச் சொன்னவர் தாக்கும் தரப்பை எடுத்துக்கொள்வார். படைகள் ஏற்றத்தாழ்வாகவே இருக்கும். ஆட்டம் சமமாகிவிடும், அதுவும் ஆடுபவர்கள் வாயாலேயே. கடைசிச் சுற்றில் நாளை என்பதே இல்லாததுபோல் எல்லாக் காயையும் முன்னே தள்ளும் வழக்கத்துக்கும் மருந்து உண்டு. மூன்று இழப்புக் கண்ட கம்பெனி, புதிய கட்டளை வரும்வரை தாக்காது.

வெளியில் கொடுக்கும் முன் ஆறு முறையாவது ஆடிப் பாருங்கள், தரப்பை மாற்றி மாற்றி. அதில் இரண்டு முறை, அமைத்தவர் அறைக்குள் இருந்தும் வாய் திறக்கக் கூடாது. ஆடுபவர் விதித்தாளில் எந்த வரியைத் தேடி விரலை ஓட்டுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளட்டும். திருத்த வேண்டியது அந்த வரி. சுற்றுக்கு 10 நிமிடம் என்றால் 28 சுற்றுக்கு 4 மணி 40 நிமிடம். 15 நிமிடம் ஆனால் 7 மணி நேரம், கல்லூரி மன்றத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அதனால் முதன்முதலில் அமைப்பவர்கள் விடியலில் தொடங்கட்டும். சுற்று 9. ஏ கம்பெனி முள்புதர்ப் பள்ளத்தில், பி கம்பெனி போக்கா ஹவுஸுக்கு எதிரே உள்ள சரிவில், டி அதன் பின்னால், சி வடக்கே கையிருப்பில். மோர்ட்டாருக்கு மிச்சம் 3 முறை, கப்பல் போய்விட்டது. 10 சுற்றுக்குள் இரண்டு மேடுகளும் கைக்கு வர வேண்டும். இரண்டு மணி நேரத்தில் முடியும். இணைப்பில் திருத்தம் வெளியிட இடமிருந்தால், ‘ஒரே அளவு படை’ என்ற வரிக்குப் பதிலாக இந்தச் சிறிய அமைப்பையே போடும்படி கேட்டுக்கொள்கிறேன். வரைபடத்துக்குக் கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்