ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு என்பது பாதுகாப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கவுன்ட்டிகள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) விளைநிலத்தைக் காக்கும் முறை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்ட வரைபடத்தில் விளைநிலத்துக்குப் பச்சை தீட்டி, ஒரு வீட்டுக்கு வேண்டிய குறைந்தபட்ச மனை அளவைக் கூட்டிவிட்டால் நகரம் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது என்ற எண்ணத்தை அது தருகிறது. மனை அளவை அரைகுறையாகக் கூட்டுவதைப் போல் நிலத்தை வேகமாக விழுங்கும் விதி வேறில்லை.

வாஷிங்டன் நகரை ஒட்டியிருக்கும் மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுன்ட்டியில் இது நடந்தது. 1970களில் அங்கே ஊர்ப்புறத்தில் ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு என்று விதித்தார்கள். ஐந்து ஏக்கர் என்பது சோளமோ சோயாவோ போடுவதற்குச் சின்னது, வீட்டுத் தோட்டத்துக்கு மிகப் பெரியது. ஏக்கருக்கு எட்டு வீடு கட்டினால் நூறு வீடுகள் பன்னிரண்டரை ஏக்கரில் அடங்கிவிடும். ஐந்து ஏக்கருக்கு ஒன்று என்றால் ஐந்நூறு ஏக்கர் போய்விடும். இடையிடையே வீடு வந்ததும் எருவின் நாற்றம், இரவில் டிராக்டர் சத்தம் என்று புகார் கிளம்பும். பண்ணைகள் குறையக் குறையத் தீவனக் கடையும் இயந்திரம் பழுதுபார்ப்பவரும் இடத்தைக் காலி செய்வார்கள். பிறகு மிஞ்சிய விவசாயியும் விற்றுவிட்டுப் போகத்தான் வேண்டும்.

1980இல் கவுன்ட்டி சுமார் 93,000 ஏக்கரை, அதாவது தன் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, வேளாண் ஒதுக்கீடாக அறிவித்து, 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று இறுக்கியது. அதோடு நிறுத்தியிருந்தால் நிலத்தின் விலை சரிந்து, திட்டமே வழக்கில் சிக்கியிருக்கும். ஆகவே ஐந்து ஏக்கருக்கு ஒன்று என்ற பழைய கணக்கை, விற்கத்தக்க வளர்ச்சி உரிமையாக, அதாவது வீடு கட்டும் உரிமையாக, விவசாயியின் கையில் கொடுத்தார்கள். நூறு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இருபது உரிமைகள். அந்த நிலத்தில் அவர் கட்டக்கூடியது நான்கு வீடுகள்தான். அதற்கு நான்கை வைத்துக்கொண்டு பதினாறை விற்கலாம். நகர்ப்பக்கம் ‘ஏற்கும் பகுதி’ என்று குறிக்கப்பட்ட இடத்தில் அடிப்படை அளவைவிடக் கூடுதல் வீடு கட்ட விரும்பும் கட்டுமான நிறுவனம் அவற்றை வாங்கும். விற்ற கையோடு, விற்ற உரிமைகளுக்கான வீடுகளை இந்த நிலத்தில் கட்ட முடியாது என்ற கட்டுப்பாடு நிலப் பதிவில் ஏறிவிடும். நம் மொழியில் சொன்னால் நிரந்தர வில்லங்கம்: நிலம் எத்தனை கை மாறினாலும் கூடவே போகும். இவ்வழியில் 50,000 ஏக்கருக்கு மேல் பாதுகாப்புக்குள் வந்தது.

இந்த ஏற்பாடு கோளாறாவது பெரும்பாலும் வயலில் அல்ல, வாங்கும் பக்கத்தில். ஏற்கும் பகுதியில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் ‘எங்கள் தெருவில் கூட்டம் வேண்டாம்’ என்பார்கள். மான்ட்கோமரியில் இது வழக்காகி, கூடுதல் அடர்த்தியை (ஏக்கருக்கு எத்தனை வீடு என்பதை) முழுமைத் திட்டத்தில் மட்டும் குறித்தால் செல்லாது, எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதியிலேயே வகுக்க வேண்டும் என்று மாநில உச்ச நிலை நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. விதிகளைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இதைவிட ஓசையில்லாமல் திட்டத்தைக் கொல்வது இன்னொன்று: வேறொரு மூலையில் மண்டல மாற்றம் மூலம் அதே அடர்த்தியை இலவசமாகக் கொடுத்துவிடுவது. சும்மா கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? விற்காமல் வைத்திருக்கும் அந்த நான்கு உரிமைகளும் தொல்லைதான். நூறு ஏக்கர் நடுவே நான்கு மாளிகைகள் முளைத்தால் உழவு துண்டாகும். அந்தக் கட்டும் உரிமைகளையும் விலை கொடுத்து முடித்துவைக்கத் தனித் திட்டம் ஒன்றைப் பின்னர்ச் சேர்த்தார்கள். இவற்றின் விலை அதிகம்; மனையாகவே விற்கக்கூடிய உரிமை அல்லவா.

கட்டுரை தொடாமல் விட்டது பாதாளச் சாக்கடை. வேளாண் ஒதுக்கீட்டுக்குப் பொதுக் குழாய் போகாது. வீடு கட்டுபவர் செப்டிக் டேங்க்கை நம்ப வேண்டும். மண் நீரை உறிஞ்சும் வேகத்தைச் சோதித்துத் தேறினால்தான் அனுமதி. களிமண்ணும் பாறையும் திட்ட அதிகாரியைவிடக் கறாரானவை. ஒரு பள்ளிக்கூடத்துக்காக என்று சொல்லிக் குழாயை நீட்டினால், வழிநெடுக மனைப்பிரிவு கேட்டு மனுக்கள் வரும். மேரிலாந்து 1997இல் உள்கட்டமைப்புக்கான மாநிலப் பணத்தைக் குறிப்பிட்ட வளர்ச்சிப் பகுதிகளுக்குத் திருப்பியதும், 2012இல் செப்டிக் டேங்க்கை நம்பிய மனைப்பிரிவுகளைக் கட்டுப்படுத்த நிலத்தை நான்கு அடுக்காகப் பிரிக்கச் சட்டம் போட்டதும் இதனால்தான்.

வரிச்சலுகையும் இரு பக்கம் கூரான கத்தி. நிலத்தைச் சந்தை விலைக்கு அல்லாமல் உழவு மதிப்புக்கு வரி போடும் முறையை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்தது மேரிலாந்துதான், 1956இல். உண்மையான விவசாயிக்கு அது உயிர்நாடி. ஆனால் நிலத்தை வாங்கிப்போட்டுக் காத்திருக்கும் முதலீட்டாளரும் வைக்கோல் புல்லை வளர்த்து அதே சலுகையை வாங்கலாம். நிலம் மனையாக மாறும் நாளில் அதுவரை பெற்ற சலுகையைத் திரும்ப வசூலிக்கும் பிரிவு வலுவாக இல்லாவிட்டால், பாதுகாப்பு என்ற பெயரில் ஊகத்துக்கு மானியம் கொடுத்ததாகும்.

ஒரேகான் மாநிலத்தில் பாதை வேறு. 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நகரமும் தான் விரியக்கூடிய வளர்ச்சி எல்லையைக் கோடாக வரைய வேண்டும். இருபது ஆண்டுத் தேவைக்கான நிலம் அதற்குள் இருக்க வேண்டும். போர்ட்லாந்து பகுதியின் எல்லை 1979இல் வந்தது. கோட்டுக்கு வெளியே வயல் தப்பியது உண்மை. ஆனால் கோட்டுக்கு உள்ளே பெரும்பகுதியைத் தனி வீடுகளுக்கு மட்டும் பூட்டிவைத்தால் வாடகை ஏறும், ஆள்கள் கொலம்பியா ஆற்றைத் தாண்டி வாஷிங்டன் மாநிலத்தின் கிளார்க் கவுன்ட்டியில் குடியேறித் தினமும் பாலம் கடந்து வேலைக்கு வருவார்கள். 2019இல்தான் ஒரேகான், 25,000 மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகரங்கள் தனி வீட்டுப் பகுதிகளில் நான்கு வீடு வரை சேர்ந்த கட்டடங்களை அனுமதிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நாற்பது ஆண்டுத் தாமதம் என்பேன்.

இனி எந்தக் கவுன்ட்டியின் திட்டத்தைப் பற்றி எழுதினாலும் பச்சைப் பரப்பின் ஏக்கர் கணக்கோடு இன்னும் இரண்டைக் கட்டுரையாளர் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்: ஏற்கும் பகுதியில் எத்தனை உரிமைகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்? சாக்கடை விரிவாக்க வரைபடமும் நிலப்பயன்பாட்டு வரைபடமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா?

இப்படிக்கு,
நகரமைப்புத் துறை வாசகர் ஒருவர்