ஓச்சோவாவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க மேற்கின் எல்லைப்புற ஊர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஷெரீப்புகளும் கொள்ளையர்களும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். ஊரை நிர்வகித்தவர்களில் ஒருவர்கூட இல்லையே என்று வருந்தினேன். அரிசோனாவின் டூசான் நகரில் 1875-இல் மேயரான எஸ்தேவான் ஓச்சோவாவுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

மெக்சிகோவின் சிவாவா பகுதியில் 1831-இல் பிறந்தவர். பாலைவனம் கடந்து வண்டிகளில் சரக்கு அனுப்பும் தொழிலில் செல்வம் சேர்த்தார். உள்நாட்டுப் போரின்போது, 1862-இல், தென்மாநிலப் படை டூசானைப் பிடித்தது. எங்கள் பக்கம் என்று சத்தியம் செய், மறுத்தால் ஊரைவிட்டு வெளியேறு என்றார்கள். அவர் மறுத்தார். சொத்தையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு குதிரை, ஒரு துப்பாக்கி, 20 தோட்டாக்களோடு தன்னந்தனியாகக் கிளம்பினார். அப்பாச்சி பழங்குடியினரோடு மோதல் நடந்துகொண்டிருந்த பாதை அது. உயிர் தப்பியதே பெரிது. தென்மாநிலங்களை எதிர்த்த மத்திய அரசின் ஒன்றியப் படை ஊரை மீட்டதும் திரும்பிவந்து தொழிலை முதலிலிருந்து தொடங்கினார்.

பணம் மட்டும் சேர்த்த மனிதர் என்றால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அரிசோனா பிரதேசச் சட்டமன்றத்தில் அமர்ந்து, பொதுப் பள்ளிகளுக்கான 1871-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேற ஆளுநர் சாஃபோர்டுக்குத் தோள் கொடுத்தார். டூசானில் பள்ளி கட்டத் தன் நிலத்தையே எழுதிக்கொடுத்தார்.

1880 மார்ச் 20 அன்று சதர்ன் பசிபிக் ரயில் டூசானுக்கு வந்தது. வரவேற்பு விழாவில் ரயில் நிறுவனத்தின் சார்லஸ் குரோக்கரிடம் தண்டவாளத்தில் அடிக்கும் ஆணியை வெள்ளியில் செய்து நினைவுப் பரிசாக அளித்தவர் ஓச்சோவாதான். ரயில் வந்தால் தன் வண்டிகளுக்கு வேலை இராது என்பது அந்தத் தொழிலில் ஊறியவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? அப்படியே நடந்தது. தொழில் நொடித்து, செல்வம் கரைந்து, 1888-இல் நியூ மெக்சிகோவில் காலமானார்.

அவருக்குப் பிறகு மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் அந்நகரின் மேயராக 2019-இல் ரெஜினா ரொமேரோ வெல்லும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேற்கின் கதையை ஷெரீப்புகளை மட்டும் வைத்துச் சொன்னால் இந்த வரலாறு முழுவதும் விடுபட்டுப்போகிறது. இத்தகைய மேயர்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை விரைவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி