வெட்டிய மரம் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் அந்நிய மரங்களை அகற்றும் பணி பற்றி அடிக்கடி செய்தி வெளியிடுகிறீர்கள். மிக அவசியமான பணிதான். அப்படி வெட்டிய மரம் எங்கே போகிறது என்பதையும் எழுத வேண்டுகிறேன்.

முதுமலையில் வெட்டும் மஞ்சள் கொன்னை என்ற அந்நிய மரம் காகித ஆலைக்குப் போகிறது. சிறுமுகையில் விஸ்கோஸ் என்ற செயற்கை இழை ஆலை ஓடிய காலத்திலும் எங்கள் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) கூழாவதற்குத்தான் லாரியேறின. எங்களுக்கு மிஞ்சியது வெட்டுக்கூலியும் ஏற்றுகூலியும்தான்.

இங்கேயே தொழில் நடத்த முடியும் என்பதற்குத் தைலம் காய்ச்சும் கொட்டகைகளே சாட்சி. கற்பூர இலையைப் பொறுக்கி மூட்டையாகக் கொண்டுவந்து கொப்பரையில் திணித்து, ஆவி கசியாமல் மூடியைச் சுற்றி மண் பூசுவார்கள். குழாய் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்வர, மறுமுனையில் தைலம் சொட்டும். அடுப்பெரிக்க, முன்பு காய்ச்சிய இலையையே காயவைத்து வைத்திருப்பார்கள். கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் உண்ணி (லந்தானா) என்ற அந்நியப் புதரின் குச்சியில் செய்த யானைச் சிற்பங்கள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன.

மரவேலைக்கு மட்டும் ஏன் வழியில்லை? கற்பூர மரம் காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும் என்பது எந்த ஆசாரிக்கும் தெரியும். பலகையாக அறுத்து, இடைவெளி விட்டு அடுக்கி, நிழலில் நிதானமாக உலர்த்த வேண்டும். அதற்கான கொட்டகையும் அறுவை இயந்திரமும் தனி ஆளால் போட முடியாத முதல். அதை அரசு பொதுவில் அமைத்துத் தரலாம். சரி, கழிவுக் கொம்பும் உண்ணியும்? எரிகட்டியாக அழுத்தினால், இலை உலர்த்த விறகு எரிக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளே வாங்கிக்கொள்ளும்.

அறுவை மில் வந்தால் ஈட்டி மரமும் தேக்கும் உள்ளே நுழையும் என்பார்கள். நியாயமான பயம். நாடு முழுக்க மரவெட்டுக்குக் கடிவாளம் போட்ட உச்ச நீதிமன்றத்தின் கோதவர்மன் வழக்கே கூடலூர்க் காட்டிலிருந்துதான் கிளம்பியது. ஆகவே சீகை, கற்பூரம், உண்ணி தவிர ஒரு குச்சி உள்ளே வரக்கூடாது. வனத்துறை முத்திரையிட்டு அனுப்பட்டும், கணக்கைக் கிராம சபையும் பார்க்கட்டும்.

அந்நிய மரம் தீர்ந்தால் பிழைப்பு போய்விடும் என்று அதையே வளர்க்கத் தொடங்கிவிடவும் கூடாது. சீகை விதை மண்ணுக்குள் பல வருடம் கிடந்து முளைக்கும். வெட்டிய இடத்தில் கன்று பிடுங்கவும், சோலைக்காட்டு மர நாற்று வளர்க்கவும், புல்வெளியை மீட்கவும் வருடக்கணக்கில் ஆள் தேவை. மரம் விற்ற பணத்தில் ஒரு பங்கை அந்தக் கூலிக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும்.

அடுத்து மரம் வெட்ட உத்தரவு போடுவதற்கு முன், உள்ளூர்ப் பட்டறைகளுக்கு எத்தனை டன் ஒதுக்குவார்கள் என்று உங்கள் நிருபர் வனத்துறையிடம் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி