கழுத்து திருகவில்லை, தொங்கியது

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். அத்தையின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததா? அண்ணனைக் கேட்டதாகச் சொல். சித்திரையில் நீ எழுதிய கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். விடுதியில் அஞ்சலட்டைக்கு அஞ்சலட்டை கணக்கு வைத்துச் சண்டை போட்டவள் நீ. இப்போதும் போடு, ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டுப் போடு.

உன் கொல்லையில் மூன்று கோழிகள் அடுத்தடுத்துச் செத்ததை எழுதி, "காரணமே தெரியவில்லை, உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டிருந்தாய். நான் போனில் "வெயிலாக இருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சுந்தரி அக்கா மகள் கல்யாணத்துக்குப் பேச்சைத் திருப்பிவிட்டேன். அந்த வார்த்தை ஒரு மாதமாக என்னை உறுத்துகிறது. என் பதினொரு கோழிகளில் ஆறு போய்விட்டன, மல்லிகா.

புரட்டாசி கடைசி வாரம். இரண்டு நாள் மழை பெய்து வெயில் அடித்திருந்தது. விடிகாலையில் பஞ்சாரத்தைத் தூக்கினேன். எல்லாம் ஓடின, கருப்பி மட்டும் எழவில்லை. கால்கள் பின்னால் நீண்டு கிடந்தன. எடுத்து மடியில் வைத்தால் உடம்பு கனமாகத்தான் இருந்தது, சூடும் இருந்தது. கண் இமை பாதி மூடியபடி என்னைப் பார்த்தது. மத்தியானத்துக்குள் சிறகுகள் இரண்டும் விரிந்து தரையில் படிந்தன. பிறகு கழுத்து. அலகு மண்ணில் ஊன்றி, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. பொழுது சாயும்போது உயிர் இல்லை. மறுநாள் மூன்று, அதற்கு அடுத்த நாள் இரண்டு.

ஊரில் ஆளுக்கொரு காரணம். கொழுந்தியாள் கண்ணேறு என்றாள். பால்காரர் வெள்ளைக்கழிச்சல் என்று சத்தியம் செய்தார். மாமியார் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து உருண்டை பிடித்தார். எனக்கோ ஒரே நினைப்புதான். ஆவணியில் என் கோழிகள் பெரியசாமி அண்ணனின் நாற்றங்காலைக் கிளறிவிட்டன. "இனி இங்கே வந்தால் உயிரோடு திரும்பாது" என்று அவர் வரப்பில் நின்று சொன்னது என் காதிலேயே இருந்தது. நான்காவது கோழி விழுந்ததும் அவர் வாசலுக்குப் போய், தெருவே கேட்க, "குருணையில் மருந்து கலந்து வைத்தீர்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கையில் மண்வெட்டி. கீழே வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. பெரியசாமி அண்ணன் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நம் இருவரையும் மாட்டு வண்டியில் சோழவந்தான் ரயிலுக்கு ஏற்றிவிட்டவர்.

ஆறாவது விழுந்த அன்று என் மகன்தான் அதட்டினான். செத்த இரண்டைப் பையில் போட்டுக் கட்டி, பனிக்கட்டி வைத்த வாளியில் இறக்கினான். தலை தொங்கிக் கிடந்த செவலையை உயிரோடு கூடையில் வைத்தோம். கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் வயதில் சின்னப் பிள்ளை. கூடையைப் பார்த்ததும், "உயிரோடு ஒன்றைக் கொண்டுவந்தீர்களே, நல்லது அம்மா, செத்ததைவிட இது நிறையச் சொல்லும்" என்றார்.

முதலில் செத்த கோழியின் நெஞ்சை விரலால் தடவினார். என் விரலையும் பிடித்து வைத்தார். நெஞ்செலும்பின் இரு பக்கமும் சதை திரண்டிருந்தது. பல நாள் நோயில் கிடந்த கோழிக்கு அந்த எலும்பு கத்தி முனைபோல் துருத்திக்கொண்டு நிற்குமாம். கோழி பலவீனத்தை வெளியே காட்டாது, காட்டினால் மற்ற கோழிகளே கொத்தும், பருந்தும் பார்க்கும். அதனால் நாம் திடீர்ச் சாவு என்று நினைப்பதில் பாதி, மாதக்கணக்கில் உள்ளே இருந்த நோயாக இருக்கும் என்றார். என் கோழிகளுக்கு அப்படி இல்லை. நன்றாக மேய்ந்தவை, ஒரே நாளில் விழுந்தவை.

பிறகு செவலையின் கழுத்தைக் காட்டினார். வெள்ளைக்கழிச்சல் என்றால் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும். 1926இல் இங்கிலாந்தில் நியூகாசில் பக்கம் கண்டதால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது, நம் நாட்டில் ராணிக்கெட் என்ற மலை ஊரின் பெயரால் ராணிக்கெட் நோய் என்கிறார்கள். ஆனால் இங்கே கழுத்து திருகவில்லை, துணிபோல் தொங்கியது. இறகை லேசாக இழுத்தார், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

செத்ததைக் கல்மேடையில் வைத்து அறுத்தார். ராணிக்கெட் நோயில் இரைப்பையின் உட்சுவரில் இரத்தப் புள்ளிகள் இருக்கும் என்றார், சுவர் சுத்தமாக இருந்தது. எலி மருந்து வைத்தீர்களா என்று கேட்டார். வைத்தேன், குதிருக்கு அடியில், கட்டி மருந்து. அது உள்ளே இரத்தம் கசிய வைத்துக் கொல்லும், இங்கே எங்கும் கசிவு இல்லை என்று காட்டினார். கடைசியாகக் கழுத்தடியில் தீவனப்பையைக் கீறினார். தவிடு, இரண்டு புல் துணுக்கு, அவற்றோடு வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள். மல்லிகா, இரண்டு இன்னும் நெளிந்தன.

"வீட்டுக்குப் போய் அழுகிய பிணம் எங்கே கிடக்கிறது என்று தேடுங்கள்" என்றார்.

வைக்கோல் படப்புக்குப் பின்னால் கிடந்தது. ஒரு பெருச்சாளி, நான் வைத்த மருந்தைத் தின்று அங்கே போய்ச் செத்திருக்கிறது. மழை ஈரம், மேலே வெயில், உடம்பு முழுக்கப் புழு. அழுகும் உடம்பில் காற்று புகாத இடத்தில் ஒரு நுண்ணுயிர் வளர்ந்து நஞ்சு சுரக்கிறது. அந்த நஞ்சால் வரும் நோயைப் பொட்டுலிசம் என்கிறார்கள். புழுவை அந்த நஞ்சு ஒன்றும் செய்வதில்லை, புழு அதைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கோழிக்குப் புழு என்றால் விருந்து. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை நஞ்சு அறுத்துவிட, முதலில் கால், பிறகு சிறகு, பிறகு கழுத்து, கடைசியில் மூச்சு. கருப்பி என் மடியில் கிடந்தபோது அதற்கு எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கும், அசையத்தான் முடியவில்லை. இதை நினைக்காமல் ஒரு இரவும் தூங்கவில்லை.

பெருச்சாளியையும் சுற்றியிருந்த மண்ணையும் வாரி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். செவலையைத் துண்டில் சுற்றி, தலைக்கு அணை கொடுத்து, பேரனின் பாலாடையில் தண்ணீர் எடுத்து அலகு நுனியில் சொட்டுச் சொட்டாக நனைத்தேன். அதிகம் விட்டால் புரையேறிவிடும். மூன்றாம் நாள் தலையைத் தூக்கி என் வளையலைக் கொத்தியது. வீடே கூடிப் பார்த்தது.

பெரியசாமி அண்ணன் வீட்டுக்கு அன்று மாலையே போனேன். என்ன நடந்தது என்பதை ஒன்று விடாமல் சொன்னேன், தெருவில் கேட்டதைத் தெருவிலேயே நின்று திரும்பப் பெற்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செவலை பிழைத்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார். அண்ணி மோர் கொடுத்தாள். காரணம் தெரியாத இடத்தில் நான் ஒரு மனிதரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அவர் மன்னித்துவிட்டாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நேற்றும் வரப்பில் பார்த்தேன், தலையை அசைத்தார், அவ்வளவுதான்.

இப்போது உன் விஷயம். உன் மூன்று கோழிகளும் மாதம் ஒன்றாகச் செத்தன என்று எழுதியிருந்தாய். கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒன்று வயிறு பருத்து வாத்துபோல் நடந்தது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த மருத்துவரிடம் அதையும் கேட்டேன். முட்டை வெளியே வராமல் வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடித்தால் அப்படி நடக்குமாம், முட்டையிடும் கோழிகளில் அடிக்கடி பார்ப்பது என்றார். அது தனிக் கோழியின் நோய், மற்றவற்றுக்குப் பரவாது. மற்ற இரண்டும் வேறு வேறாக இருக்கலாம். ஒரே நாளில் பல விழுந்தால்தான் தொற்று அல்லது நஞ்சு என்று பதற வேண்டும். கொண்டை நீலம் பாய்ந்து, தலை வீங்கிக் கூட்டமாகச் செத்தால் தொடவே தொடாதே, உடனே கால்நடைத் துறைக்குச் சொல், பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். வருஷா வருஷம் பிப்ரவரியில் கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுகிறார்கள், அதையும் விட்டுவிடாதே.

அடுத்து ஒன்று விழுந்தால் குழி தோண்டாதே. நெஞ்செலும்பைத் தடவிப் பார், கழுத்து திருகுகிறதா தொங்குகிறதா பார், பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே பஸ் ஏறு. உறைய வைத்துவிடாதே, அறுக்கும்போது ஒன்றும் தெரியாமல் போய்விடும். கையில் உறையோ பையோ மாட்டிக்கொள். என்ன சொன்னார்கள் என்று எனக்குப் போன் செய். இந்த முறை நான் பேச்சை மாற்ற மாட்டேன்.

தைக்கு வருகிறாய்தானே? செவலையைக் காட்ட வேண்டும்.

உன்,
செல்வி